இரண்டு பேருமாகப் பல மாதம் வெளிநாட்டில் இருக்க: தமிழ்நாடா, தாய்லாந்து வியட்நாம் பக்கமா, சொந்தக்காரர் வீடுகளா?

யாழ்ப்பாணத்தில் எங்கள் வயதுக்காரர் நாலு பேர் கூடினால் இப்போது இந்தப் பேச்சு வராமல் இருக்காது. பிள்ளைகள் ஒரு கரை சேர்ந்துவிட்டார்கள், பென்சன் வருகிறது, இனிக் காணி பூமி என்று ஓடத் தேவையில்லை. இரண்டு பேருமாக இரண்டு மூன்று மாதம் வெளிநாட்டில் போய் இருந்துவிட்டு வரலாமா? வரலாம் என்றுதான் நான் சொல்வேன். எங்கே போவது என்பதைத்தான் இருந்து யோசிக்க வேண்டும்.

பத்து நாளில் ஐந்து நாட்டைக் காட்டிக் கொண்டுவந்து விடும் பக்கேஜ் பயணத்தைப் பற்றி நான் எழுதவில்லை. ஓர் ஊரில் அறை எடுத்து, உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டு, தேத்தண்ணிக் கடைக்காரருக்கு முகம் பழகும் வரைக்கும் தங்குகிற பயணத்தைச் சொல்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு அதற்கு மூன்று வழி உண்டு. ஒன்று தமிழ்நாடு. இரண்டாவது தாய்லாந்து, வியட்நாம், மலேசியா என்று கிழக்குப் பக்கம். மூன்றாவது பாரிஸ், சுவிஸ், ஜேர்மனி, ரொறன்ரோ என்று சொந்தக்காரர் வீடுகளாகப் போய் இருப்பது. நானும் இவரும் மூன்று விதமாகவும் இருந்து பார்த்தவர்கள். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, இவர் நில அளவைத் திணைக்களத்தில் இருந்தவர். எங்கள் கையிருப்பு எவ்வளவு இருக்கும் என்று இதிலிருந்தே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

வழக்கமாக எல்லாரும் காசு, விசா, காலநிலை என்ற மூன்றையும்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அவற்றுக்கும் முதல் நான் பார்ப்பது வேறொன்று. போகிற இடத்தில், பகலில் மூன்று நாலு மணித்தியாலம் ஒருவரை ஒருவர் விட்டுத் தனித்தனியே இருக்க வழி இருக்கிறதா?

கேட்க ஒரு மாதிரியாக இருக்கும். சேர்ந்து இருக்கத்தானே போகிறோம் என்பீர்கள். ஆனால் இங்கே ஒரு வீட்டின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். விடிய எழும்பினால் இவர் சந்தைக்கு, வாசிகசாலைக்கு, கோயில் பரிபாலன சபைக்கு. எனக்குப் பள்ளிக்கூடம், அது முடிந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் மச்சாள், பின்னேரம் தங்கச்சியோடு போன். இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே முப்பது வருடம் இருந்தும், கண் விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றாக இருந்தது ஒரு நாளைக்குச் சில மணித்தியாலம்தான். அப்படிப் பழகிய இருவரை ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல் உள்ள அறையில் விடிந்தால் பொழுதுபட்டால் ஒன்றாக விட்டால், நல்ல மனுசரும் இரண்டாம் கிழமையில் சிடுசிடுக்கத் தொடங்குவார்கள். அன்பு குறைந்து வருகிற சிடுசிடுப்பு அல்ல அது, பழக்கமில்லாமல் வருவது. அந்தப் பழக்கத்துக்கு எந்த நாடு மெல்ல மெல்ல இடம் கொடுக்கிறதோ, அதுவே முதல் பயணத்துக்கு நல்லது.

இந்தக் கணக்கில் தமிழ்நாட்டுக்கு ஈடு இல்லை.

போகும் வழி இப்போது எங்கள் படலைக்கே வந்துவிட்டது. பலாலியிலிருந்து சென்னைக்கு 2019இல் விமானம் தொடங்கியது. கொரோனாவோடு நின்று, 2022 டிசெம்பரில் மறுபடி பறந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் வந்தது, 2025இல் திருச்சிக்கும் ஒன்றை விட்டார்கள். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் 2023 ஒக்ரோபரில் தொடங்கி நின்று, 2024 ஓகஸ்டில் திரும்பவும் ஓடியது. மாரி காலத்தில் கடல் கொந்தளித்தால் அதை நம்ப முடியாது. கப்பலில் போக நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்திய இ-விசா குறிப்பிட்ட சில விமான நிலையங்கள், துறைமுகங்கள் வழியாக நுழையத்தான் செல்லும். நீங்கள் இறங்கும் துறைமுகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ரிக்கெட் எடுக்க முதல் பாருங்கள். கடவுச்சீட்டுக்கு வவுனியாவுக்கும் கொழும்புக்கும் அலைந்த காலமும் போய்விட்டது, 2025 செப்டெம்பரில் யாழ் மாவட்டச் செயலகத்திலேயே அலுவலகம் திறந்துவிட்டார்கள்.

பலர் சென்னையில் இறங்கிச் சென்னையிலேயே உடுப்புக் கடைகளில் ஒரு கிழமையைக் கரைத்துவிடுவார்கள். நீண்ட நாள் இருக்க நான் சொல்வது கும்பகோணம். தஞ்சாவூர் 40 கிலோமீற்றர், தாராசுரம் நடக்கிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட, கங்கைகொண்ட சோழபுரம், சிதம்பரம், மயிலாடுதுறை, திருவாரூர் எல்லாம் காலையில் பஸ் ஏறி இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்புகிற தூரம். ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த பெரிய கோயிலை ஒரு மணித்தியாலத்தில் பார்த்துவிட்டு வானில் ஏறுவதும், நினைத்த பின்னேரமெல்லாம் போய் அந்தப் புல்தரையில் இருந்துவிட்டு வருவதும் ஒன்றாகாது. சிதம்பரம் எங்களுக்குப் புதிய ஊர் அல்ல. யாழ்ப்பாணத்தார் மடம் கட்டி வைத்த ஊர். ஆறுமுக நாவலர் 1864இல் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அந்தத் தெருக்களில் நடக்கும்போது வெளிநாட்டில் இருக்கிறோம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

அங்கே மொழி கையில் இருக்கிறது, அதனால் தனித்தனியே போகலாம். தை மாதம் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடந்த நாட்களில் நான் விடியவே பஸ் ஏறிப் போய்விடுவேன். இவருக்குச் சங்கீதத்தில் அவ்வளவு நாட்டம் இல்லை. "நீர் போட்டு வாரும், நான் குளத்தடிப் பக்கம் போறன்" என்பார். மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள மண்டபங்களைக் கொப்பியில் படம் வரைந்து, அளவு குறித்து வைப்பது இவருடைய வேலை. அங்கே படியில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரோடு நல்ல சிநேகிதமாகிவிட்டார். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கடையில் சந்திப்போம். இரண்டு பேருக்கும் சொல்ல ஆயிரம் கதை இருக்கும். ஒன்றாகவே திரிந்திருந்தால் இந்தக் கதைகளில் ஒன்றும் இருந்திராது.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு தங்குகிறவர்களுக்கு விடுதிக்காரர் 'சி படிவம்' நிரப்பிக் குடிவரவுத் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அங்கே சட்டம். சின்ன லொட்ஜ்காரர் பலருக்கு அது தலையிடி. அதுவும் இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் சிலர் முகத்தைப் பார்த்துவிட்டு "ரூம் இல்லீங்க" என்று விடுவார்கள். இரவு பத்து மணிக்குப் பெட்டியோடு தெருவில் நின்று அந்தப் பதிலைக் கேட்க மனம் நோகும். போய் இறங்க முதலே போன் எடுத்து, சிலோன் பாஸ்போர்ட், சி படிவம் போடுவீர்களா என்று நேரே கேட்டுவிடுங்கள். ரயிலுக்கு 60 நாளைக்கு முன்புதான் பதிவு திறக்கும். திறந்த கையோடு எடுக்காவிட்டால் பொங்கல், தீபாவளிக் காலங்களில் காத்திருப்புப் பட்டியல்தான். ஸ்டேசன் கவுண்டரில் கடவுச்சீட்டைக் காட்டி எடுக்கலாம். கீழ்ப் படுக்கை வேண்டும் என்று கேளுங்கள், 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் 60ஐத் தாண்டிய ஆண்களுக்கும் அதற்கு ஒதுக்கீடு இருக்கிறது. பெட்டிக்கடை வரைக்கும் இப்போது போனில் ஸ்கான் செய்துதான் காசு கொடுக்கிறார்கள். எங்களிடம் இந்திய வங்கிக் கணக்கு இல்லாததால் சில்லறைக் காசு எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

கோயில்கள் மத்தியானம் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரத்துக்கு ஒரு நல்ல அறையும் மின்விசிறியும் வேண்டும், அறை வாடகையில் மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம். பங்குனி கடந்தால் வெயில் தாங்காது. சாம்பார் இரண்டாம் கிழமையில் அலுக்கும். எங்கள் கறித்தூளில் ஒரு போத்தல் கொண்டுபோனால், சமையல் வசதியுள்ள அறையில் கிழமைக்கு இரண்டு நாள் சமைக்கலாம்.

இனிக் கிழக்குப் பக்கம். இலங்கைக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு உலகத்தில் எத்தனையோ வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது, ஆனால் இந்தப் பக்கம் கொஞ்சம் இளகியிருக்கிறது. 2024 ஜூலையில் தாய்லாந்து விசா இல்லாமல் 60 நாள் இருக்கலாம் என்று அறிவித்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. இப்படியான சலுகைகள் அடிக்கடி மாறும், ரிக்கெட் எடுக்கும் கிழமையில் தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். 2025 மே மாதத்திலிருந்து போக முதலே இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். வியட்நாம் 2023 ஓகஸ்ட் முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் இ-விசா கொடுக்கிறது. மலேசியாவுக்கு எங்களுக்கு இ-விசா வேண்டும். சிங்கப்பூருக்கு விசா வேண்டாம், ஆனால் அங்கே மாதக் கணக்கில் அறை எடுத்து இருக்கப் பென்சன் காசு காணாது.

தாய்லாந்தில் சியாங் மாயிலும், வியட்நாமில் ஹோய் ஆனிலும் மாத வாடகைக்கு அறைகள் தாராளமாகக் கிடைக்கும். துப்புரவு நல்லது, தெருவில் பயம் இல்லை. கிராப் செயலியில் வாகனம் கூப்பிட்டால் விலை முன்பே தெரியும், பேரம் பேசத் தேவையில்லை. மொழி தெரியாத எங்களுக்கு அது பெரிய உதவி. சியாங் மாய்க்கு மாசி தொடக்கம் சித்திரை வரை போக வேண்டாம். வயல், காடுகளுக்கு நெருப்பு வைத்து ஊர் முழுக்கப் புகை மூடியிருக்கும், நெஞ்சு வருத்தம் உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது. சைவச் சாப்பாட்டுக்காரருக்குத் தாய்லாந்து சிரமம், மரக்கறிக்குள்ளும் மீன் சோஸ் ஊற்றுவார்கள். மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்துப் போட்ட கொடி தொங்கும் கடைகளில் சுத்த சைவம் கிடைக்கும். வெள்ளிக்கிழமைகளில் நான் அந்தக் கொடியைத் தேடித்தான் நடந்தேன்.

தனியே இருக்க வழி என்ற கணக்கில் இந்தப் பக்கம் கடினம். எழுத்து வாசிக்கத் தெரியாது. மொழிபெயர்க்கும் செயலி இவருடைய போனில். மருந்துக்கடைக்கும் இரண்டு பேர், மரக்கறி வாங்கவும் இரண்டு பேர். அறைக்கு வந்தால் இவர் யூரியூப்பில் செய்தி போட்டுவிடுவார். "இஞ்சருங்கோ, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ" என்று நான். "நீரும் கேளுமன், ஊர்ப் புதினம்தானே" என்று இவர். வீட்டில் என்றால் நான் எழும்பிக் குசினிக்குப் போயிருப்பேன். அங்கே எழும்பினால் போக இருந்தது குளியலறை ஒன்றுதான். அதற்கு மருந்து, ஆளுக்கு ஒரு சிம், ஆளுக்கு ஒரு போன், ஆளுக்கு ஒரு காசுப் பை. அறைக்குக் காசு கொடுக்கும்போது ஒரு பல்கனியோ, கீழே இருக்க ஒரு கூடமோ உள்ள இடமாகப் பாருங்கள். பிறகு காலையில் இரண்டு மணித்தியாலம் ஆளுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். சந்தைக்குத் தனியே போய் விரலைக் காட்டி வாழைப்பழம் வாங்கி வந்த அன்று எனக்கு இருந்த சந்தோசத்தை எழுதி முடியாது.

ஆனாலும் தமிழ்நாடு தராத ஒன்றை இந்த வழி தந்தது. ஹோய் ஆன் பழைய நகரத்துக்குள் ஐப்பசி, கார்த்திகையில் ஆறு ஏறிவிடும். நாங்கள் இருந்தபோதும் ஏறியது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், வீட்டுக்காரர் கீழே இருந்த கதிரைகளைத் தூக்கி மேலே அடுக்கினார்கள், தெருவால் வள்ளம் போனது. கரண்டும் இல்லை. மேல்மாடி ஜன்னலடியில் இருந்து அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இவர் 1995 ஒக்ரோபர் 30 இரவைச் சொல்லத் தொடங்கினார். போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் முழுக்க வெளிக்கிட்ட இரவு. நாவற்குழிப் பாலத்தடியில் மழைக்குள் நெரிசலில் நின்றது, தாயார் ஒரு கையில் அரிசிப் பையும் மற்றக் கையில் ஹரிக்கேன் லாம்பும் பிடித்துக்கொண்டு அடிக்கடி இவருடைய பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தது, கூப்பிடும்போதெல்லாம் "நிற்கிறன் அம்மா" என்று இவர் பதில் சொன்னது. அந்த இரவில் நானும் அதே வீதியில் எங்கேயோ நின்றவள்தான், அப்போது நாங்கள் கலியாணம் கட்டவில்லை. இத்தனை வருடத்தில் இவர் அதை என்னிடம் விரித்துச் சொன்னதே இல்லை. ஊரில் சொல்ல நேரம் வரவில்லை. ஒருவரும் வராத, ஒருவரையும் தெரியாத இடத்தில் வந்தது. ஆகையால் இந்த வழியைக் கடினம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இரண்டாவது பயணமாக வைக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கிழக்குப் பக்கம் போகிறவர்கள் கடைசிப் பகுதியைப் பினாங்கில் வைத்தால் நல்லது. ஜோர்ஜ் டவுனில் தமிழ் கேட்கும், தோசை கிடைக்கும், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நான் தனியே போய் வரலாம். கோலாலம்பூருக்குப் போனால் ஸ்கொட் வீதிக் கந்தசாமி கோயிலைப் பார்க்காமல் வர வேண்டாம். ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலைக்கென்று நூறு வருடத்துக்கு முன்பு எங்கள் பக்கத்திலிருந்து கப்பல் ஏறிப் போனவர்கள் எழுப்பிய கோயில் அது. எங்கள் ஊர் முறையில் பூசை நடக்கும்.

மூன்றாவது வழி, சொந்தக்காரர் வீடுகள். இதைப் பற்றி எழுதக் கொஞ்சம் கை தயங்குகிறது, ஏனென்றால் எங்களைக் கூப்பிட்டு வைத்திருந்தவர்கள் எல்லாரும் அன்பால் கூப்பிட்டவர்கள்.

விசா விபரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செங்கன் விசா ஒன்று எடுத்தால் பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே, சுவிஸ் எல்லாம் போகலாம், ஆனால் எல்லாமாக 180 நாளில் 90 நாள்தான். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிரான்ஸில் இருக்கும் உறவினர் தங்கள் மாநகர சபையில் வரவேற்புப் பத்திரம் எடுத்து அனுப்ப வேண்டும், ஜேர்மனியில் பொறுப்பேற்கும் பத்திரம். லண்டனுக்கு இந்த விசா செல்லாது, அதற்கு வேறாக எடுக்க வேண்டும். கனடாவில் பொதுவாக ஆறு மாதம் இருக்க விடுவார்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய பிறகு, அங்கே சொந்தக் காசில் மூன்று மாதம் அறை எடுத்து இருப்பது எங்களால் இயலாது. அதனால் வீடுகளில்தான் தங்க வேண்டும்.

தங்கினால் என்ன நடக்கும்? பாரிஸ் புறநகரில் மூன்றாம் மாடி, இரண்டு அறை. என்னைப் பிள்ளைகளோடு ஓர் அறையில் படுக்க விட்டார்கள், இவருக்கு ஹோலில் சோபா. விடிய ஐந்து மணிக்குத் தம்பி வேலைக்குப் போய்விடுவார், மச்சாள் பின்னேர வேலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம். வருகிறவர்கள் பசியோடு வருவார்கள் என்று நான் தானாகவே குசினிக்குள் போய்விடுவேன். "மச்சாள், நீங்கள் வைக்கிற மாதிரி மீன்குழம்பு இஞ்சை ஒருத்தருக்கும் வராது" என்று சொன்னால் மறுநாளும் வைக்காமல் இருக்க முடியுமா? இவரை ஆண்கள் லா சப்பல் கடைத்தெருவுக்கும், ஊர்ச்சங்கக் கூட்டத்துக்கும், காற்பந்துப் போட்டிக்கும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சனி ஞாயிறு ஆளுக்கு ஒரு வீட்டில் விருந்து. தனித்தனியே நேரம் நிறையக் கிடைக்கும், ஆனால் அந்த நேரம் எங்கள் கையில் இல்லை. இருவராகப் போய், இருவராக ஒரு தேத்தண்ணி குடிக்கப் பல நாள் காத்திருந்தோம்.

இன்னொரு விசயம் எனக்கு நெஞ்சில் உறுத்தும். பிரான்ஸில் சட்டப்படி வருடத்துக்கு ஐந்து கிழமை லீவு. அதில் பாதியை எங்களைக் காட்டித் திரியச் செலவழித்தார்கள். அந்தப் பிள்ளைகள் வருடம் முழுக்க எதிர்பார்த்துக்கொண்டிருந்த கடற்கரை லீவு அது. ஆகையால் நான் சொல்வது, ஒரு வீட்டில் இரண்டு கிழமைக்கு மேல் வேண்டாம். இரண்டு வீட்டுக்கு நடுவில் நாலைந்து நாள் சொந்தமாக ஒரு சின்ன அறை எடுத்து இருங்கள். ஐரோப்பாவில் வசிக்காதவர்களுக்கு விற்கும் யூரெயில் பாஸ் 33 நாட்டு ரயில்களுக்குச் செல்லும். பாரிஸிலிருந்து பேர்ன் வரைக்கும் யாரையும் காரோட விடாமல் நாங்களே ரயிலில் போன அந்த ஒரு பகல்தான், முழுப் பயணத்திலும் எனக்கு அதிகம் பிடித்தது. ஜன்னல் பக்கம் முறை வைத்து மாறி மாறி இருந்தோம்.

காலத்தைப் பார்த்துப் போனால் கோயில் திருவிழாக்களும் கிடைக்கும். ஜேர்மனியில் ஹம் காமாட்சி அம்மன் தேர் பெரும்பாலும் ஆனியை ஒட்டி வரும், பாரிஸ் மாணிக்க விநாயகர் தேர் ஆவணிப் பக்கம். பெட்டிக்குள் மிளகாய்த்தூள், பனங்கட்டி, ஒடியல்மா வைக்கலாம். பச்சைக் கறிவேப்பிலையும் பெரும்பாலான பழங்களும் வைக்க வேண்டாம், ஐரோப்பிய விமான நிலையங்களில் பயிர்ச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள். இறைச்சி, பால் பொருட்களையும் விடமாட்டார்கள்.

உறவைப் பார்க்கப் போங்கள், கட்டாயம் போங்கள். பெற்ற தாய் தகப்பன் மாதிரி எங்களை வைத்திருந்தார்கள். ஆனால் அதை உங்கள் இருவருக்குமான பயணம் என்ற கணக்கில் சேர்க்க வேண்டாம். அதற்கு வேறாக ஒரு காலமும் காசும் ஒதுக்குங்கள்.

எந்த வழியானாலும் பின்னால் விட்டுப் போகும் வீடு ஒன்று இருக்கிறது. எங்கள் மழை ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும். அப்போது பூட்டிய வீட்டில் சிரட்டை, பூச்சாடித் தட்டு, தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றிலும் நுளம்பு பெருகும். சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் வழக்கு. கிழமைக்கு ஒருமுறை வளவைக் கூட்டி, கிணற்று மோட்டரை ஓட்டி, சாமி அறையில் விளக்கேற்ற நம்பிக்கையான ஓர் ஆளை, சம்பளம் பேசி வைத்துவிட்டுப் போங்கள். "பக்கத்து வீட்டார் பார்ப்பினம்" என்று இருப்பது அவர்களுக்கும் பாரம்.

வயதான தாய் தகப்பன் இருந்தால் பேச்சே வேண்டாம், தமிழ்நாடுதான். பலாலிக்குச் சென்னையிலிருந்து ஒரு மணித்தியாலம் சொச்சம். இரவில் போன் வந்தாலும் அடுத்த விமானத்துக்கு ஓடி வந்து காரியங்களுக்கு நிற்கலாம். ஹோய் ஆனிலிருந்து அப்படி முடியாது. டா நாங் போய், அங்கிருந்து ஒரு விமானம், பிறகு இன்னொன்று, கட்டுநாயக்காவிலிருந்து இரவுப் பயணம். சீனி, பிரசர் குளிசை எடுப்பவர்களுக்கும் தமிழ்நாடு சுகம். வைத்தியரிடம் தமிழில் வருத்தத்தைச் சொல்லலாம், அது சின்ன விசயம் இல்லை.

செலவில் தமிழ்நாடுதான் குறைவு. கிழக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் மாதக் கணக்கில் தங்கினால் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம்தான் கூட, ஊர் ஊராக மாறினால் கை கடிக்கும். ஐரோப்பாவில் அறை வாடகை இல்லை என்றாலும் விமானம், விசா, காப்புறுதி, வீட்டுக்கு வீடு கொண்டுபோகும் சாமான் என்று அதுதான் எல்லாவற்றிலும் கூட.

இருவரும் அறுபதுக்குக் கீழே, நடக்கக் கால் நல்லது, புதிய சாப்பாட்டுக்குப் பயமில்லை, ஏற்கெனவே ஒரு மாதமாவது தனியே சேர்ந்து வெளியில் இருந்திருக்கிறீர்கள் என்றால் நேரே வியட்நாமுக்குப் போகலாம். மற்ற எல்லாருக்கும் முதல் பயணம் தமிழ்நாடு என்பது என் முடிவு. இரண்டு மாதம் அங்கே தனித்தனியே போய் வந்து, மத்தியானம் சந்தித்துப் பழகிய இருவர், அடுத்த வருடம் சியாங் மாயில் ஓர் அறைக்குள்ளும் சமாளிப்பார்கள்.

தைப்பொங்கல் முடியப் புறப்பட்டால் திருவையாற்று ஆராதனைக்கு அனேகமாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். மாசியில் சிவராத்திரியைத் தஞ்சைப் பக்கம் பார்த்துவிட்டு, வெயில் ஏற முதல் பங்குனியில் திரும்பலாம். டெங்கு மழையும் அதற்குள் ஓய்ந்திருக்கும், வளவு பார்ப்பவருக்கும் வேலை குறைவு. ரயில் பதிவு 60 நாளைக்கு முன்பு திறப்பதால், கார்த்திகை விளக்கீட்டை ஒட்டி ரிக்கெட்டும் அறையும் பார்க்கத் தொடங்குங்கள். கடவுச்சீட்டில் ஆறு மாதத்துக்கு மேல் காலம் இருக்கிறதா என்பதை அதற்கும் முதலே, இரண்டு பேருடையதையும் எடுத்துப் பாருங்கள்.